வயிற்றைத் திறக்காமல் தெரிந்த கல்

எல்லையம்மனை நம்பியிருக்கும் சகோதரிகளே, எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். சாலவாக்கம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம். நான் ஏழு மாத கர்ப்பிணி. களை எடுத்துக்கொண்டிருந்தபோது இடது விலாவுக்குக் கீழே கத்தியைச் செருகினது போல் ஒரு வலி. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. மாலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது.

இரண்டு வருடம் முன்பு என் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதுவும் வலியும் ரத்தமுமாகத்தான் ஆரம்பித்தது.

மாமியார் என் கணவரிடம் மெல்லச் சொன்னார், "போன தபா மாதிரியே கீதேடா." எனக்குக் கேட்டுவிட்டது.

உத்திரமேரூர் டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். முகம் மாறிற்று.

"ரத்தம் எங்கேர்ந்து வருதுன்னு சொல்ல முடியலம்மா. கல்லா இருக்கலாம். குழந்தைக்கே ஏதாவது ஆகியிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கவும் பயமா இருக்கு, குழந்தைக்கு ஆகாது. இன்னும் முத்தினா வயித்தைத் திறந்துதான் பாக்கணும். மெட்ராஸ்ல ஸ்கேன்னு ஒரு மெஷின் வந்திருக்கு. நாளைக்கே போங்க."

மறுநாள் பஸ் ஏறும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. முந்தின நாளிலிருந்து குழந்தை அசையவில்லை.

"அசையுதா?" என்று கணவர் கேட்டுக்கொண்டே வந்தார். நான் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, வலியை எடு என்று கேட்க மாட்டேன். உள்ளே இருப்பது என்னவென்று காட்டு. அது போதும். இதைத்தான் வழியெல்லாம் வேண்டினேன்.

ஆஸ்பத்திரியில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வயிறு வெடிப்பது போலிருந்தது. இருட்டு அறையில் படுக்கவைத்து, ஜில்லென்று எதையோ தடவினார்கள். டாக்டர் ஒரு கருவியை விலாவில் அழுத்தி நகர்த்தினார். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அழுத்தினார். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்துபோனது என்றே நினைத்தேன்.

"இடது பக்கச் சிறுநீரகம் வீங்கியிருக்கும்மா. அதோட வாய்ல கல்லு அடைச்சிருக்கு" என்றார் முதல் டாக்டர்.

"என் கொயந்த?"

கருவி கீழே இறங்கியது. திரையில் மழை பெய்வது போல் சாம்பல் புள்ளிகள். நடுவே ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இதயம். நல்லா துடிக்குது பாருங்க."

வெளியே நின்ற கணவரைக் கூப்பிட்டு, "கீதுங்க... உசுரோட கீது" என்று கதறினேன்.

ஊசியும் குளுக்கோஸுமாகப் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் உயிர் போகிற வலியோடு, உளுந்தில் பாதி இருக்கும், கல் சிறுநீரோடு தானாக வெளியேறியது. கத்தி படவில்லை. ஆவணியில் மகள் பிறந்தாள்.

முதல் குழந்தையும் இதனால்தான் போனதா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

காட்டியது மெஷின்தானே, அம்மன் எங்கே வந்தாள் என்று சிலர் கேட்கிறார்கள். நான் கேட்டதே காட்டு என்றுதான். முன்பெல்லாம் விலா வலித்தால் மறைத்துக்கொள்வேன். இப்போது எங்கள் ஊரில் எந்தப் பெண் வலி என்றாலும் துணைக்கு நான் போகிறேன்.

பயத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள் சகோதரிகளே. அவளிடம் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பஸ் ஏறுங்கள்.