நீட்டி இழுத்த ஓம்

தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்கு டாக்டர் யோகா வகுப்புக்குப் போகச் சொன்னார். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி ஹாலில் முதல் நாளே படுக்கவைத்துவிட்டார்கள். பயிற்சி தரும் பெண் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, "மனச லேசா விடுங்க மேடம்" என்றாள். பிறகு "ஓம்" என்று நீளமாக இழுத்தாள்.

எங்கே லேசாக விடுவது? சிதம்பரத்து வீட்டில், சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்பா பேசமாட்டார். பேசினால் பலன் போய்விடுமாம். அதற்காக எங்களை வேலை வாங்காமல் இருப்பாரா? ஓமை நீட்டி இழுத்தால் தொட்டி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம், நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்த வேண்டும். வெட்டி வெட்டிச் சொன்னால் அடுப்பில் பால் பொங்குகிறது.

"வாயத் தொறந்து சொன்னா சாமி கோச்சிக்குமா? ஓடி ஓடியே பொண்ணு எளச்சிப் போறா" என்று அம்மா கத்துவாள். அப்பா அதற்கும் ஓமின் சத்தத்தைத்தான் உயர்த்துவார்.

"எங்க மேடம், ஏந்திரிச்சிப் போறீங்க?"

பார்த்தால், ஹால் வாசலில் நிற்கிறேன்.

"மோட்டார நிறுத்த."

"இங்க மோட்டாரே இல்லியே மேடம்."

அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது. மனுஷன் இன்னும் என்னைப் படுக்க விடவில்லை.