ஏழு நிமிஷம்

எங்கள் ஸ்கேன் சென்டரின் தலைமை டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஏழு நிமிஷம். முதலாளியின் மச்சான் என்பதால் வேலைக்கு வந்தவர். மற்ற இடங்களில் தலையை ஸ்கேன் எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். இவர் ஏழில் முடிப்பார். தன் மூளைப் படத்தையே சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார். அவருக்கு மூளை உண்டு என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

அவசரமாக எடுத்தால் படம் மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக வரும். அதைச் சுத்தம் செய்ய கம்ப்யூட்டரில் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஓர் அளவு உண்டு. இரண்டைத் தாண்டினால் மணலோடு சேர்த்து நிஜமான சின்னக் கட்டியையும் துடைத்துவிடும் என்று மெஷினைப் பொருத்திய இன்ஜினியர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் ஐந்தில் வைத்தார். படம் பளிங்கு மாதிரி வந்தது. டாக்டர்கள் பாராட்ட, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

காது இரைகிறது என்று ஒரு தையல்காரர் வந்தார். ஏழு நிமிடம், பளிங்குப் படம், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டோம். நாலு மாதம் கழித்து அவர் மனைவி வேறோர் இடத்தில் எடுத்த படத்தோடு வந்து நின்றாள். காது நரம்பில் மிளகளவு கட்டி. நோயாளி தலையை ஆட்டியிருப்பார் என்று இவர் கூசாமல் சொன்னார். அந்தத் தலை ஆடவில்லை. இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்தவள் நான். அன்றோடு இவர் மேலிருந்த மரியாதை போயிற்று. ஆனால் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என் மேலும் எனக்குக் கசப்புதான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? போன வாரம் இவருக்கே இடது காது இரைந்தது. முகத்தில் ஈயாடவில்லை. வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருக்க, கதவைச் சாத்தச் சொல்லி, வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான் வழக்கமான ஏழு நிமிட ஸ்கேனை ஆரம்பிக்கப் போனேன்.

"அது வேணாம்மா," என்றார். "இருபத்தஞ்சு நிமிஷம் முழுசா எடு. சுத்தம் பண்றதைப் பூஜ்யத்துல வை."

"அப்பவும் படத்துல கொஞ்சம் புள்ளி இருக்குமே, சார்."

"இருந்துட்டுப் போகட்டும். உள்ள இருக்கறது தெரியணும்."

ஆக, எல்லாம் தெரிந்தேதான் இத்தனை நாளும் செய்திருக்கிறார்.

இருபத்தைந்து நிமிடம் அசையாமல் கிடந்தார். கட்டி எதுவும் இல்லை. எழுந்து மோதிரத்தை மாட்டியதும் பழைய மிடுக்கு வந்துவிட்டது. நேரமாகிவிட்டது, பழையபடி ஐந்தில் வைத்து அடுத்த ஆளைக் கூப்பிடு என்றார்.

நான் அளவை இரண்டுக்கு நகர்த்திவிட்டு வெளியே போனேன். பெஞ்சில் இருந்த ஒன்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஏழு நிமிஷத்துலயும் எடுக்கலாம், இருபத்தஞ்சு நிமிஷத்துலயும் எடுக்கலாம். எங்க சார் இப்பத்தான் தனக்கு இருபத்தஞ்சு நிமிஷம் எடுத்துக்கிட்டாரு. உங்களுக்கு எது வேணும்?"