தலையணை உயரத்தில் ஒரு கூகை

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் அவள். வயது ஐம்பத்திரண்டு. கட்டுத்துணி, மருந்து, கையுறை எல்லாம் ஒரு பையில். பைனாகுலரும் டைரியும் அதே பையின் பக்கவாட்டில். ஜனவரி முதல் தேதி கண்ணில் படும் காக்கையை ஒன்று என்று எழுதுவாள். டிசம்பர் முடியும் வரை புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு எண். மறுவருடம் பழையபடி ஒன்றிலிருந்து. இதனால் என்ன பிரயோசனம் என்று கணவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

இப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் அந்த ஊரில் அவளோடு சேர்த்து ஆறு பேர். காதால் கேட்டது சேர்த்தியில்லை, கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். அந்த வருடம் அக்டோபரில் அவள் நூற்று முப்பத்தெட்டில் நின்றாள். ஆந்தை வகையில் ஒன்றுகூட இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவரான, மூன்று வகை ஆந்தை பார்த்துவிட்ட தையல்காரர், "சிஸ்டர் லிஸ்ட்ல எல்லாம் பகல் ஷிப்ட் ஆளுங்கதான்" என்று ஊசி குத்திக்கொண்டே இருந்தார்.

ஆந்தையைப் பகலிலேயே தேடலாம். அது தூங்கும் இடத்துக்குக் கீழே சுண்ணாம்பு கொட்டியது போல எச்சம் கிடக்கும். எலி எலும்பும் முடியுமாக அது கக்கிய உருண்டைகள் கிடக்கும். அவள் குனிந்து பார்க்காத மரமில்லை. மரக்கடை வாட்ச்மேன், லாரி கிளீனர், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்பாள்: மூஞ்சி வட்டமா, இதய வடிவமா? தலையில் கொம்பு மாதிரி இருந்ததா? எத்தனை மணிக்கு? வாட்ச்மேன் ஒருவர், போலீஸே இவ்வளவு கேட்டதில்லை என்றார்.

வாரத்தில் மூன்று நாள் அவள் ஒரு மாடி அறைக்குப் போய்வந்தாள். அங்கே இருந்தவர் பஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் செக்கர்தான். வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்தபடி கட்டிலிலிருந்து கதவு வரை வந்துகொண்டிருந்தார். வருடம் முடிவதற்குள் அப்பா தானாகப் பாத்ரூம் போய்வர வேண்டும், இல்லையென்றால் தூக்கிவிட்டுக் கவனிக்க ஆள் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவது என்று மகன் கெடு வைத்திருந்தான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. தூக்கித் தூக்கி மருமகளுக்கு முதுகு போய்விட்டிருந்தது.

ஒருநாள் தையல் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செக்கர் சொன்னார்: "எதிர்ச் செவுத்து ஓட்டையில ஒரு மூஞ்சி இருக்கு சிஸ்டர். வெள்ளையா. நாளெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே என்னைப் பாக்குது."

அவள் நின்ற இடத்திலிருந்து ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். ஜன்னலுக்கு மேலே வெயில் தடுப்புப் பலகை. அதற்குக் கீழே பக்கத்துக் கட்டடத்தின் பாதிச் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய். ஓட்டையும் இல்லை, மூஞ்சியும் இல்லை. இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் சார் என்று சொல்லிக் கட்டுத்துணியை ஒட்டினாள்.

மாடிப்படியில் மருமகள் குரலைத் தாழ்த்தி, மாமாவுக்குப் புத்தி பிசகுகிறதா என்று கேட்டாள். இந்த வயதில் படுத்தே கிடந்தால் இப்படித்தான் என்று இருபத்தெட்டு வருட அனுபவம் பதில் சொன்னது. பராமரிப்பு நோட்டிலும் எழுதினாள்: 'இல்லாத முகத்தைப் பார்ப்பதாகச் சொல்கிறார். மனக்குழப்பம்.' அடுத்த முறை வந்த டாக்டர் அதைப் படித்துவிட்டுக் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று மாத்திரை எழுதினார்.

செக்கர் அமைதியானார். கொஞ்சம் அதிகமாகவே அமைதியானார். சாப்பிடும்போதே தலை தொங்கியது. வாக்கர் மூலைக்குப் போய்த் துண்டு காயப்போடும் கொடியாயிற்று. மூன்றாவது வாரம் வால் எலும்பின் மேல் நாணய அளவுக்குப் படுக்கைப் புண் திறந்துகொண்டது.

அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட அவரை ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் அவள் தரையில் மண்டியிட வேண்டியிருந்தது. புண்ணைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். அவள் தலை அவருடைய தலையணை உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பலகை மறைக்கவில்லை. எதிர்ச்சுவரின் உச்சியில், யாரோ எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போன வட்ட ஓட்டை. அதற்குக் கீழே வெள்ளை எச்சக் கோடுகள். ஓட்டைக்குள் இதய வடிவத்தில் ஒரு வெள்ளை முகம், கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. ஆந்தை வகையில் ஒன்றான கூகை.

அவள் மனதில் முதலில் வந்தது நூற்று முப்பத்தொன்பது என்ற எண்தான். ஒரு கையுறையை உருவிவிட்டு டைரியை எடுத்தாள். எண், தேதி, மணி. மணியை எழுதும்போது செக்கர் தூக்கத்தில் முனகினார். முதுகில் துணியில்லை, புண் திறந்தபடி கிடந்தது. தன் கையில் பேனா இருப்பதை அவள் பார்த்தாள்.

கட்டுப் போட்டு முடிப்பதற்குள் ஒரு யோசனையும் வந்துவிட்டது. மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் போதும், டாக்டர் நிறுத்திவிடுவார். ஆந்தையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாது. பாதிப் படி வரை அந்த யோசனையோடுதான் இறங்கினாள். கீழே மருமகள் தன் முதுகைப் பிடித்தபடி, நர்ஸுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தம்ளரை வாங்க அவளுக்குக் கை நீளவில்லை. ஆந்தை இருப்பதைச் சொல்லிவிட்டாள்.

மருமகள் மேலே வந்து, முதுகு வலியோடு மண்டியிட்டுப் பார்த்தாள். எழுந்திருக்க நேரமாயிற்று.

"ஊரெல்லாம் ஆந்தை தேடுறவங்கன்னு உங்களைச் சொன்னாங்களே அக்கா."

"ஆமா."

"எங்க மாமாகிட்ட மட்டும் தேடலையாக்கும்."

டாக்டருக்கு நர்ஸே போன் செய்து, தான் எழுதியது தவறு என்று சொன்னாள். அவர் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். நோட்டில் அந்த வரியை அடித்து, 'சரியாகப் பார்க்காமல் எழுதினேன்' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தைக் கிழித்திருக்கலாம். பயிற்சிக் காலத்திலேயே கூடாதென்று சொல்லிக்கொடுத்த காரியம் அது.

பத்து நாளில் செக்கரின் கண் தெளிந்தது. நோட்டைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். அடித்த வரியையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். மனக்குழப்பம் என்ற இடத்தில் குரல் கம்மியது. காதில் விழவில்லை, மறுபடி என்றார். மறுபடி வாசித்தாள்.

"டிக்கெட் இல்லாம மாட்டினவன் சொல்றதைக்கூட நான் முழுசாக் கேட்டுட்டுத்தான் அபராதம் போடுவேன் சிஸ்டர்."

"தப்புதான் சார்."

"சரி, புண்ணைப் பாருங்க."

கெடுவை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி மருமகள்தான் மகனோடு வாதாடினாள். நர்ஸ் தினமும் கடைசி வீட்டை முடித்துவிட்டு வந்து, அவர் இடுப்பில் துணிப்பட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கவைத்தாள். இளைத்துப்போன கால் சொன்னபடி கேட்கவில்லை. முதல் வாரம் நின்றதோடு சரி. பிறகு கதவு. ஜனவரி பாதியில், யாரும் பிடிக்காமல், வாக்கரோடு பாத்ரூம் போய் வெளியே வந்தார். மகன் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப்போனான். இல்லத்துப் பேச்சு அத்தோடு நின்றது. புண் மட்டும் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

பாத்ரூம் வாசலிலேயே நின்றபடி செக்கர், கட்டிலில் படுக்கச் சொன்னார். யாரை என்று அவளுக்குப் புரியவில்லை.

"உங்களைத்தான். நின்னா எனக்கு அது தெரியல. படுத்துப் பாத்துச் சொல்லுங்க, இருக்கா இல்லையான்னு."

நோயாளியின் படுக்கையில் உட்காரக்கூட மாட்டாள் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் தலையணையில் தலையை வைத்துப் படுத்தாள். விரிப்பில் மருந்து வாடை அடித்தது. பலகைக்கு அடியில் உச்சி ஓட்டையும் அந்த வெள்ளை முகமும் தெரிந்தன.

"இருக்கு சார். தூங்குது."

வாக்கரில் சாய்ந்துகொண்டு அவர் சிரித்தார்.

"நம்பலாமா?"

அவள் முகத்தை அவர் பார்க்க முடியாதபடி அறைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.