மாம்பழத் தோலும் மஞ்சள் கருவும்

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அண்ணன். "நல்லதா நாலு வார்த்தை எழுதுமா, யாரையும் நோவடிக்காத" என்றும் சொன்னார். நாலு வார்த்தை எழுதிவிடலாம். மற்றது என்னால் ஆகாது.

அம்மா வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில், பருத்தி நெய்யும் குடும்பத்தில் பிறந்தார். பதினேழு வயதில் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி வீட்டுக்கு மருமகளாக வந்தார். பருத்தி வீட்டுப் பெண் என்று எங்கள் பட்டு உறவினர்கள் முதல் நாளே மூக்கைச் சுளித்தார்களாம். நெய்வது கூலிக்கு, பட்டும் சரிகையும் முதலாளியுடையது. இதில் இவர்களுக்கு என்ன கொம்பு முளைத்ததோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவுக்குக் காசநோய் வந்தது. தறி நின்றது. மருந்தோடு தினம் ஒரு முட்டையாவது கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். உறவினர் பெருமக்கள் வந்தார்கள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று விசாரித்தார்கள், போனார்கள். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு முட்டை வரவில்லை. அம்மா தன் பிறந்த வீட்டுக்குப் போய் ஆறு வெள்ளைச் சீமைக்கோழிகளைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தார்.

ஆறு முப்பதாயின. அப்பாவுக்கு ஒன்று போக மிச்ச முட்டைகளை விற்றுத்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஆனால் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் வாங்கி மாளவில்லை. பழத்தோலை உலர்த்தித் தீவனத்தில் கலக்கலாம் என்று கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னார். அன்று முதல் அம்மா காலையில் கூடையோடு கிளம்புவார். கோயில் வாசல் பழக்கடைகளில் கறுத்த வாழைப்பழம், பப்பாளித் தோல், கல்யாண வீட்டுக் கொல்லையில் பலாச்சக்கை. எல்லாவற்றையும் நறுக்கி, காயவைத்து, இடித்துத் தவிட்டில் கலப்பார். அளவில் மிகக் கறார். "நாலு படிக்கு ஒரு படிதான் தோலு. கோழி ஆசையா தின்னுதேன்னு அதையே போட்டுக்கினு இருந்தா முட்டை நின்னு பூடும்" என்பார்.

தெரு அவருக்குக் குப்பைக்கூடைக்காரி என்று பெயர் வைத்தது. பெயர் வைத்தவர் எங்கள் சித்தப்பா. அடுத்த வீட்டுக்காரர், சிவதீட்சை வாங்கியவர், முட்டையை வாயால் சொன்னால் தீட்டு என்று "அது" என்று சொல்பவர். அவர் வீட்டில் கூடை கூடையாக மாம்பழம் தின்று, தோலைச் சுவருக்கு மேலாக எங்கள் கொல்லையில் வீசுவார்கள். வீசிவிட்டு, "அண்ணி, உங்க கொல்லை நாறுது, தெருவுல மனுசன் குடியிருக்க வேணாமா?" என்று அவரே கேட்பார். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! அம்மா தோலைப் பொறுக்கி, கழுவி, முறத்தில் பரப்புவார்.

ஓர் ஆனி மாதம் நாலு நாள் விடாத மழை. பலாச்சக்கையைக் காயவைக்க வழியில்லாமல் அம்மா அதைத் தவிட்டோடு பானையில் ஊறவைத்து வாயைத் துணியால் கட்டினார். அது தப்பாகப் போயிற்று. மூன்றாம் நாள் பானை நுரைத்துப் பொங்கியது. அதைத் தின்ற கோழிகள் தள்ளாடின. ஒன்று அப்பாவின் தறிக்குழிக்குள் விழுந்து, எழ மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அப்பா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

வாசனை சுவர் தாண்டியது. மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். மறுநாள் காலை ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் நேராகக் கொல்லைக்கு வந்தார்கள்.

"இன்னாம்மா பானையில? சாராய ஊறல் போட்டுக்கினு இருக்கறதா உங்க வீட்டு ஆளே வந்து சொல்லிட்டுப் போனாரு. நெசம்னா பானையும் வரணும், நீயும் வரணும்."

அம்மா ஸ்டேஷனுக்குப் போனால் கோழிகளைப் பார்க்க ஆளில்லை. கோழிகள் போனால் அப்பாவுக்கு முட்டை இல்லை, எங்களுக்குச் சோறில்லை. அப்பாவைப் பார்க்க வீட்டுக்குள் காலெடுத்து வைக்காத அத்தனை சொந்தமும் அன்று கொல்லையில் கூடிவிட்டது. சித்தப்பா விபூதி கலையாமல் முன்வரிசையில் நின்றார்.

அம்மா துணியை அவிழ்த்தார். ஒரு கைப்பிடி அள்ளி இறைத்தார். கோழிகள் ஆடிக்கொண்டு வந்தன. அடுத்த கைப்பிடியைத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"கோழித்தீனிங்க ஐயா. சக்கை, தோலு, தவுடு. மழையில புளிச்சிப் பூட்ச்சி. காய்ச்சறதுக்கு அடுப்பு எங்க இருக்குது, குழா எங்க இருக்குது, நீங்களே தேடிப் பாத்துக்கங்க."

ஏட்டு தேடிப் பார்த்தார். அவர் காலடியில் ஒரு கோழி சாய்ந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெயில் வந்தா காயப்போடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கூட்டத்தைப் பார்த்தார். "இவ்ளோ பேரு வந்துக்கிறீங்க. பானையில மிச்சம் இருக்குது, எலை போடட்டா?"

எல்லாருக்கும் உடனே வேலை ஞாபகம் வந்தது.

ஆறு மாதம் கழித்துச் சித்திக்குப் பிரசவம். உடம்பு தேற முட்டை சாப்பிடச் சொன்னாராம் டாக்டர். சித்தி பின்சுவர் ஓரமாகச் சொம்போடு வந்து நின்றார். "யாருக்கும் தெரிய வேணாங்க்கா." அம்மா ஒன்று கொடுத்தார். ஒரு வாரத்தில் சொம்புக்கு இரண்டு கேட்டார்கள். இரண்டாவது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். சித்தியே ஒருநாள் சொன்னார்: "உங்க முட்டையில கரு இன்னா மஞ்சள்! இந்த மாதிரி வேற எங்கயும் பாத்ததில்லன்னு அவரு சொல்றாருக்கா." வருஷக்கணக்காக அம்மா கொடுத்தார், கைம்மாறு வாங்கவில்லை.

அப்பா தேறினார். மேலும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார், அதில் ஆறு ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தார். அவருக்குப் பிறகும் அம்மா கோழிகளை விடவில்லை. கடைசியில் படுத்திருந்த இருபது நாளும் தீனி வைத்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்பார்.

போன வருஷம் பாடையருகே சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் மன்னிச்ச தெய்வம்" என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன், சாவு வீடாயிற்றே என்று. இப்போது சொல்கிறேன். காட்டிக்கொடுத்தவர் வீட்டுக்கு முட்டை எதற்கு என்று ஒருநாள் அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா சுவரோரம் மாம்பழத் தோல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது. கருவுக்கு அந்த மஞ்சள் எங்கேர்ந்து வருதுன்னு நெனைக்கற? இந்தத் தோல்லேர்ந்துதான். அவங்க கடிச்சித் துப்புனது, அவங்களுக்கே போவுது. தின்னட்டும்."

பழக்கடைக்காரர்களுக்கும், கம்பவுண்டர் ஐயாவுக்கும், அந்த ஏட்டுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசியாக, இந்த மலரை நினைவுக் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து படிக்கும் சித்தப்பாவுக்கு: அத்தனை வருஷமும் தவறாமல் சுவருக்கு மேல் தோல் வீசியதற்கு நன்றி. உங்கள் எச்சிலை உங்களுக்கே திருப்பித் தந்தவர் எங்கள் அம்மா.