பச்சை ஒயர் சுற்றிய குழாய்

எங்கள் தெருவில் அவனுக்குச் 'சொட்டு' என்று பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எங்கே தண்ணீர் சொட்டுகிறது என்றுதான் முதலில் காது கொடுப்பான். இருபது வருஷமாகக் குழாய் வேலை. வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். துருப்பிடித்த இரும்புக் குழாயைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அறுத்து எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால்தான் தூக்கம் வரும். இந்த வருஷம் மட்டும் முப்பது வீடு. அவன் தங்கை வீடும் அதில் ஒன்று.

பல வீடுகளில் அந்த இரும்புக் குழாயில் ஒரு பச்சை ஒயர் சுற்றியிருக்கும். எவனோ வேலையற்றவன் கட்டியது என்று நறுக்கி எடுத்து, தன் பையைக் கட்ட வைத்துக்கொண்டான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் எலக்ட்ரீஷியன் ஒருவர் அந்தப் பையைப் பார்த்தார்.

"இந்த ஒயர் ஏதுப்பா?"

"பழைய குழாயில சும்மா சுத்தியிருந்தது."

"சும்மாவா? அடப்பாவி, அது எர்த்து! வாஷிங் மெஷினுக்குள்ள ஒயர் மேல இருக்கிற உறை தேஞ்சா கரண்ட் வெளித் தகரத்துக்கு வந்துடும். இந்த ஒயர் இருந்தா அது இரும்புக் குழாய் வழியா மண்ணுக்கு ஓடும், ஃபியூஸும் போயிடும். பிளாஸ்டிக்ல கரண்ட் போகாது. தகரத்துலயே நிக்கும், ஈரக் காலோட யாராவது தொடுற வரைக்கும்."

சொட்டுக்குத் தங்கை வீட்டு மெஷின் நினைவு வந்தது. தங்கை வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றுதான் துணி போடுவாள். போன் அடித்தான். எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

"மெஷினைத் தொட்டியா?"

"ஒரு வாரமா தொட்டா சுர்ருங்குது அண்ணே. அதான் பக்கமே போறதில்ல."

உள்ளே போய் மெயினை அணைத்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப துணியெல்லாம்?"

"பக்கத்து வீட்டு அக்கா மெஷின்லதான். பாவம், நல்ல மனசு. இப்பகூட நம்ம துணியைத்தான் போட்டுட்டு இருக்காங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அந்த வீட்டுக் குழாயையும் மாற்றியவன் அவன்தான்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். "அக்கா! அக்கா!" உள்ளே மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு கையாலும் இடித்தான். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடி முடித்துத் தானாகவே நின்றது. அதன் பிறகும் யாரும் வந்து கதவைத் திறக்கவில்லை.