மேனேஜர் போட்ட கையெழுத்து

அவரை யாரும் மேனேஜராக நியமிக்கவில்லை. மச்சினனின் ஷூ கடையில் பெட்டி எடுத்துக் கொடுப்பதும், வருகிறவர் காலைப் பிடித்து அளவு பார்ப்பதும்தான் வேலை. பேச்சு மட்டும் முதலாளிப் பேச்சு. அதனால் கடைவீதி கிண்டலாக வைத்த பெயர் அது. மனிதருக்கு அது கிண்டல் என்றே உறைக்கவில்லை, கூப்பிட்டால் குளிர்ந்துபோவார்.

அந்தப் பெயர்தான் அவரைக் கவிழ்த்தது. மச்சினன் விற்றதெல்லாம் ஒரு பெரிய கம்பெனியின் முத்திரையைத் திருட்டுத்தனமாகப் பதித்த ஷூக்கள். கம்பெனி கோர்ட்டுக்குப் போய் விற்பனைக்குத் தடை வாங்கிவிட்டது. கோர்ட் அனுப்பிய பெண் வக்கீல் வாசலில் நின்று, "இங்க மேனேஜர் யாரு?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே இவரைக் காட்டினார்கள். இவரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான்தாம்மா, சொல்லுங்க" என்று முன்னால் வந்தார். மச்சினன் டீ குடிக்கப் போகிறவன்போல நழுவிவிட்டான்.

ஷூக்களை மூட்டை கட்டி, அரக்கு வைத்து, கடைக்குள்ளேயே அடுக்கினார்கள். வழக்கு முடியும்வரை ஒன்றும் குறையாமல், கெடாமல் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் கையெழுத்துப் போட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டார், பாவம்.

மச்சினன் இப்போது வேறெங்கோ குடை விற்கிறான். இவர் தினமும் கடையைத் திறந்து மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறார். விற்கக் கூடாது, வீசக் கூடாது, எலி கடித்தாலும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும். பூட்டிவிட்டுப் போகவும் வழியில்லை. எப்போது வேண்டுமானாலும் சோதனைக்கு வருவார்களாம். ஆள் இல்லையென்றால் கோர்ட் அவமதிப்பு.

இந்த நேரம் பார்த்துத் தூரத்து ஊரில் மகளுக்குத் தலைப்பிரசவம். "நீங்க பக்கத்துல இருந்தாத்தான்பா எனக்குத் தைரியம்" என்றாள்.

கம்பெனி வக்கீலிடம் ஓடினார். "ஐயா, சரக்கையெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. நான் என் பொண்ணைப் பாக்கப் போகணும்."

வக்கீல் நல்ல மனிதர், உட்காரவைத்துப் பேசினார். "அந்த மாடலையே கம்பெனி நிறுத்திடுச்சுங்க. இந்தச் சரக்கு இனி அவங்களுக்கு வேண்டாம்."

"அப்ப நான் போலாமா?"

"தீர்ப்பு வரணுமே. வேற யாராவது பொறுப்பு ஏத்துக்கிட்டா கோர்ட்ல கேட்டுப் பாக்கலாம்."

கடைவீதி முழுக்கக் கெஞ்சிப் பார்த்தார். பெயர் வைத்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. மனைவி தனியாகப் பஸ் ஏறினாள்.

பிறந்தது பெண் குழந்தை. மகள் போனைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தாள். "உங்க பேத்தி அழறா, கேக்குதாப்பா? எப்ப வருவீங்க?"

"இங்க நான் இல்லாம ஒண்ணும் நடக்காதும்மா" என்றார். வழக்கமாக அடிக்கும் ஜம்பம்தான். இந்த முறை அது உண்மையாக இருந்தது.