கட்டி இல்லாத படம்

குளியலறைக்குள் குழாய் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. வாளி எப்போதோ நிரம்பியிருக்க வேண்டும். வாந்தியெடுக்கும் சத்தத்தை மறைக்கத்தான் இந்தத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியாதா?

முகத்தைத் துடைத்தபடி வந்தார் கணவர். தோல்பை தைப்பவர். தெருவில் 'சந்தேகம்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பாலை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். அவள் போட்ட தாழ்ப்பாளைக்கூட ஒருதடவை இழுத்துப் பார்ப்பார். இப்போது அந்தச் சந்தேகமெல்லாம் டாக்டர்மேல். விடிந்தால் வயிற்றில் ஆபரேஷன்; போக மாட்டேன் என்று பிடிவாதம்.

குடல் புற்றுநோயிலிருந்து பிழைத்த அவளுடைய அண்ணன் பார்க்க வந்திருந்தார். இருவருக்கும் ட்யூப் விட்டு எடுத்த படங்களை மேஜையில் அடுத்தடுத்து வைத்தார் கணவர்.

"உங்க குடலைப் பாருங்க மச்சான். பூக்கோசு மாதிரி வழிய மறிச்சுட்டு நிக்குது. என் வயித்துல என்ன இருக்கு? வெறும் சுவரு! கட்டியே இல்லாத கேன்சராம். என்னைக் கேனயன்னு நினைச்சானா?"

அண்ணன் உற்றுப் பார்த்தார். "அதானே மாப்ள... எனக்கும் இடிக்குதே."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "எரியிற வீட்டுல எண்ணெய் ஊத்த வந்தியாண்ணே? சதை எடுத்துச் சோதிச்சுத்தானே சொன்னாங்க! குடல்ல பெரும்பாலும் கட்டியா வளரும், இல்லேன்னா மோதிரம் மாதிரி இறுக்கும். வயித்துல சிலபேருக்குக் கட்டியாவே வராம, சுவருக்குள்ளயே பரவித் தடிச்சுப்போகுமாம்."

"சொல்லுவான். அவன் பொழப்பு அது."

அவள் தையல் மேஜைக்கு ஓடினாள். அவர் ஒதுக்கிப்போட்ட தோல்துண்டை எடுத்துவந்து அவர்முன் வீசினாள். பளபளவென்றிருந்தது.

"இதை ஏன் கழிச்சீங்க? ஒரு புள்ளி உண்டா?"

"புள்ளி எதுக்கு? மடிச்சுப் பாரு, விறைப்பு. இழுத்தாலும் நீளாது. உள்ளுக்குள்ள கெட்டுப்போன..."

அவர் விரல்கள் தோலின்மேல் அப்படியே நின்றன.

"ட்யூப் விட்டப்ப காத்து ஊதியும் உங்க வயிறு விரியலைன்னு சொன்னாங்களே!" அவள் குரல் உடைந்தது. "நாலு வாய் சோறு நெஞ்சுல நிக்குதே! குழாயத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதா?"

அவர் தன் படத்தை மறுபடி எடுத்தார். இந்தமுறை கட்டியைத் தேடவில்லை. அந்தத் தடித்த மடிப்புகளையே வெகுநேரம் பார்த்தார்.

"மச்சான், காலையில வண்டி கொண்டாறீங்களா?"

"விடியுறதுக்குள்ள வாசல்ல நிப்பேன்."

"பிரேக் பிடிக்குமா?"

அண்ணன் சிரித்தார், கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கணவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்தார். அதன்பிறகுதான் அழுதார்.